மேட்டர்ஹார்னுக்கு வைத்த குங்குமப் பொட்டு

திருவல்லிக்கேணி வீட்டில் சாமி அலமாரிக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு படம் மாட்டியிருந்தது. அப்பா வேலை பார்த்த வங்கிக் கிளைக்கு எங்கிருந்தோ வந்த வெளிநாட்டுக் காலண்டரின் டிசம்பர் தாள் அது. மற்ற பதினோரு தாள்களும் என் பாடப் புத்தகங்களுக்கு அட்டையாகப் போய்விட்டன. இதை மட்டும் பைகிராஃப்ட்ஸ் ரோட்டில் கொடுத்து ஃப்ரேம் போட்டு வாங்கி வந்தார். நீல வானம், அதில் ஒரு பக்கமாய்ச் சாய்ந்த மாட்டுக்கொம்பு மாதிரி ஒரு வெள்ளை மலை, கீழே புள்ளி புள்ளியாய்ச் சறுக்கிக்கொண்டிருக்கும் மனிதர்கள். பாட்டியின் கண்ணுக்கு அந்தப் புள்ளிகள் தெரியவில்லை. அவர் பார்த்தது கைலாசம். வெள்ளிக்கிழமைகளில் எல்லா சாமி படங்களுக்கும் வைத்துக்கொண்டே வந்து இதற்கும் ஒரு குங்குமப் பொட்டு வைப்பார். பொட்டு உச்சிக்குச் சற்றுக் கீழே, மலைக்கு நெற்றி இருந்தால் இருக்கவேண்டிய இடத்தில் விழும். அப்பா திருத்தவில்லை. "மலைதானே, வச்சுட்டுப் போகட்டும்" என்பார்.

2022ல் நங்கநல்லூர் ஃப்ளாட்டுக்குக் குடி மாறினோம். அப்போது அந்தப் படத்தைத் துடைத்துக்கொண்டிருந்த என் மகள்தான் கண்டுபிடித்தாள். "அம்மா, இது டாப்ளரோன் டப்பால இருக்கற மலை!" தேடிப் பார்த்தால் ஆமாம். மேட்டர்ஹார்ன். சுவிட்சர்லாந்தும் இத்தாலியும் பங்கு போட்டுக்கொள்ளும் 4,478 மீட்டர் மலை. 1865ல் முதன்முதலில் உச்சி தொட்ட ஏழு பேரில் நான்கு பேர் இறங்கும்போது விழுந்து செத்திருக்கிறார்கள். அடிவாரத்து ஊர் ஜெர்மாட், பனிச்சறுக்குக்காரர்களின் காசி. நாங்கள் குடி மாறிய அடுத்த வருஷமே அந்தச் சாக்லேட் கம்பெனி தயாரிப்பில் ஒரு பகுதியை ஸ்லோவாக்கியாவுக்குக் கொண்டுபோனதால், சுவிஸ் சட்டப்படி டப்பாவிலிருந்து மலையை எடுக்கவேண்டி வந்தது. எங்கள் வீட்டுக் கண்ணாடியில் பாட்டியின் பொட்டுக் கறை இன்னும் இருக்கிறது. அவர் போய் இருபது வருஷம் ஆகிறது.

அப்பாவுக்கு எழுபது நெருங்கியபோது பீமரத சாந்தி பற்றிப் பேச்சு வந்தது. மண்டபம், வாத்தியார், எத்தனை இலை என்று அம்மா கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "எனக்கு ஹோமப் புகையெல்லாம் வேணாம். அந்தக் காசுல ஒரு தடவை பனியைக் காட்டு" என்றார். வேலையில் இருந்த காலத்தில் வங்கி தரும் விடுமுறைப் பயணச் சலுகையான எல்.எஃப்.சி.யில் கன்னியாகுமரி, மைசூர், ஒரு தடவை டெல்லி-ஆக்ரா என்று எங்களைக் கூட்டிக்கொண்டு போனவர் தனக்கென்று வாய்விட்டுக் கேட்ட முதல் ஊர் இதுதான். அதுவும் ஊர்ப்பேர் சொல்லிக் கேட்கவில்லை.

பனி என்றால் நமக்கு மார்கழி விடியலில் கோலம் போடும்போது தலையில் இறங்குவது. அதற்கே மங்கி குல்லா போடும் ஊர் இது. ஊட்டியில் ஒரு டிசம்பரில் தலைக்குந்தா புல்வெளி உப்புத் தூவினாற்போல் வெளுத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். அது உறைபனி, எட்டரை மணி வெயிலுக்குக் காணாமல் போகும். முழங்கால் வரை புதையும் பனி என்பது எங்கள் குடும்பத்தில் யாருக்கும் சினிமாப் பாட்டில் மட்டுமே பழக்கம். அதில் ஹீரோவுக்கு ஸ்வெட்டர், ஹீரோயினுக்கு ஷிஃபான்.

சரி, போவது என்று ஆனது. எந்த ஊருக்கு?

நான் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறவள். எதையும் எக்செல் ஷீட்டில் போட்டுப் பார்த்தால்தான் தூக்கம் வரும். "உலகின் தலைசிறந்த ஸ்கீ ரிசார்ட்டுகள்" என்று தேடி, வந்த எல்லாவற்றையும் போட்டேன். பிரான்ஸின் வால் தோரான்ஸ்: ஊரே 2,300 மீட்டர் உயரத்தில், சுற்றியுள்ள மூன்று பள்ளத்தாக்குகளைச் சேர்த்தால் 600 கிலோமீட்டர் சறுக்குப் பாதை. சென்னையிலிருந்து திருநெல்வேலிக்குக் கொஞ்சம் இந்தப்பக்கம் வரை சறுக்கிக்கொண்டே போகிறாற்போல் என்று வைத்துக்கொள்ளுங்கள். கனடாவின் விஸ்லர்: 2010 ஒலிம்பிக் நடந்த மலை, இரண்டு சிகரங்களுக்கு நடுவே 4.4 கிலோமீட்டர் அந்தரத்தில் போகும் கோண்டோலா (கம்பியில் தொங்கும் பெட்டி). ஜப்பானின் நிசெகோ: சைபீரியாவிலிருந்து வரும் குளிர்காற்று ஜப்பான் கடலைத் தாண்டும்போது ஈரத்தை வாரிக்கொண்டு வந்து ஹொக்காய்டோ மலைகளில் கொட்டுகிறது. வருஷத்துக்குச் சராசரி 14, 15 மீட்டர் பனி.

அந்த எண்ணை மட்டும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து சென்டிமீட்டர் பனி உருகினால் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் தண்ணீர். சென்னையின் ஆண்டு மழை சுமார் 1,400 மில்லிமீட்டர். அப்படியானால் நம் ஊரில் ஒரு வருஷம் பெய்யும் மழை அத்தனையும் பனியாக விழுந்தால் கிட்டத்தட்ட 14 மீட்டர், நான்கு மாடி உயரம். நிசெகோவில் கொட்டுவதும் நங்கநல்லூரில் கொட்டுவதும் ஏறக்குறைய ஒரே அளவு. அவர்கள் அதில் சறுக்குகிறார்கள். நாம் படகு விடுகிறோம்.

ஷீட்டில் பதினாறு ஊர், பதினொரு காலம் (நெடுவரிசை). பாதையின் நீளம், உச்சியின் உயரம், மலை மேல் ஏற்றிவிடும் லிஃப்ட் எத்தனை, பச்சை-நீலம்-சிவப்பு-கறுப்புப் பாதைகள் எத்தனை. (ஐரோப்பாவில் பச்சையும் நீலமும் கற்றுக்குட்டிகளுக்கு, கறுப்பு வித்தைக்காரர்களுக்கு. அமெரிக்காவில் நீலமே நடுத்தரம். ஜப்பானில் நீலமே கிடையாது, பச்சைக்கு அடுத்தது சிவப்பு. ஊர் மாறும்போது நிறத்தை நம்பி இறங்கினால் எலும்பு போகும்.) ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் கொடுத்துக் கூட்டி, பெருமையாக என் வீட்டுக்காரரிடம் காட்டினேன். அவர் மேலிருந்து கீழ் வரை பார்த்துவிட்டு, "இதுல மாமா எங்க உக்காருவாரு?" என்றார்.

நான் வைத்திருந்த பதினொரு காலத்தில் அதற்குப் பதில் இல்லை.

அந்த ஒரு கேள்விக்குப் பிறகு ஷீட் தலைகீழாய் மாறிவிட்டது. அந்தப் பட்டியல்களை எல்லாம் போடுகிறவர்கள் ஏற்கெனவே சறுக்கத் தெரிந்தவர்கள். அவர்களுக்கு மலையின் தரம் உச்சியில் இருக்கிறது: எவ்வளவு செங்குத்து, எவ்வளவு நீளம், எவ்வளவு ஆபத்து. எங்கள் ஐந்து பேரில் ஒருவருக்கும் பனியில் நடக்கவே தெரியாது. நாங்கள் பணம் கொடுத்து வாழப்போவது மலையின் அடிவாரத்து நூறு மீட்டரில். 600 கிலோமீட்டர் பாதையில் 60 மீட்டர்கூட எங்களுக்கு ஆகாது. அதனால் கேள்விகள் மாறின. கற்றுக்கொள்ளும் சரிவு தங்கும் இடத்திலிருந்து எத்தனை நடை? அதன் அருகில் வயசானவர் உட்கார்ந்து பார்க்க இடம் உண்டா? சறுக்காதவர்கள் மேலே ஏறித் திரும்ப வழி உண்டா? ஊர் எவ்வளவு உயரத்தில்? அப்பாவுக்கு பி.பி. மாத்திரை உண்டு. ராத்திரி சோறு கிடைக்குமா? அப்பாவுக்குக் கடைசி வாய் மோர்சாதம் இல்லாவிட்டால் அன்றைய நாள் முடியாது.

வால் தோரான்ஸ் முதலில் அடிபட்டது. சறுக்கத் தெரிந்தவர்களுக்காகவே மலை மேல் கட்டிய ஊர், தெரியாதவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கலாம். ஆச்சரியம், ஜெர்மாட் நன்றாகவே தேறியது. அந்த ஊருக்குள் பெட்ரோல் கார் வராது, டாஷ் என்ற ஊரில் விட்டுவிட்டு ரயிலில் போகவேண்டும். அங்கிருந்து கோர்னர்கிராட்டுக்கு 1898லிருந்து பல்சக்கர ரயில் ஓடுகிறது. 3,089 மீட்டர் வரை உட்கார்ந்தபடியே ஏறலாம். நம் மேட்டுப்பாளையம்-ஊட்டி ரயிலுக்குப் பணக்காரச் சித்தப்பா என்று சொல்லலாம். மாமா எங்கே உட்காருவார் என்ற கேள்விக்கு அந்த ரயிலைவிட நல்ல பதில் கிடையாது, ஜன்னலில் காலண்டர் மலையே வரும்.

ஆனால் செலவுக் காலம் என்று ஒன்று இருக்கிறதே. ஒரு நாள் லிஃப்ட் டிக்கெட் ஒரு ஆளுக்கு எங்கள் வீட்டு மாத மளிகைக் கணக்கைத் தொட்டது. அதற்கு மேல் விமானம், ஷெங்கன் விசா, அதற்குக் கட்டாயமான 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு. இதில் ஒரு பொடி எழுத்துச் சங்கதி. சாதாரணப் பயணக் காப்பீட்டில் பெரும்பாலும் பனிச்சறுக்கு சேராது. தனியாகக் காசு கட்டிச் சேர்க்கவேண்டும். மலையில் கால் ஒடிந்து ஹெலிகாப்டரில் இறக்கினால் அதற்கான பில் தனி. ஐந்து பேருக்குக் கூட்டிப் பார்த்தபோது சாந்தி மண்டபம் எவ்வளவோ மலிவு என்று அம்மா ஒரே வரியில் தீர்ப்புச் சொன்னார்.

நடுவில் தி.நகரில் ஒரு டிராவல்ஸில் போய்க் கேட்டேன். "ஸ்கீயிங் இன்க்ளூடட் மேடம்" என்றார்கள். துருவிக் கேட்டால், அரை மணி நேரம் காலில் கட்டையை மாட்டிவிட்டு போட்டோ எடுத்துத் தருவதுதான் அந்த ஸ்கீயிங். நல்லவேளை, வாயிருந்ததால் பிழைத்தேன்.

ஜார்ஜியாவின் கூடௌரி, கஜகஸ்தானில் அல்மாட்டிக்குப் பக்கத்து ஷிம்புலாக் இரண்டும் நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டுகிற உயரத்தில் நின்றன. ஷிம்புலாக்குக்கு மெடியூ ஸ்கேட்டிங் மைதானத்திலிருந்து கேபிள் காரிலேயே போகலாம், நகரத்திலேயே தங்கிக்கொள்ளலாம். மகளின் ஓட்டு அதற்குத்தான். அப்பா கேட்டது ஒன்றே ஒன்று: "அங்க தயிர் கிடைக்குமா?" குதிரைப் பால் கிடைக்கும் என்று என் வீட்டுக்காரர் உள்ளதைச் சொல்லிக் கெடுத்துவிட்டார்.

ஆக, இந்தியா. மணாலிக்கு மேலே சோலங் பள்ளத்தாக்கு கும்பல் அதிகம், சறுக்குகிறவர்களைவிடப் பனி ஸ்கூட்டர் ஓட்டுகிறவர்கள் அதிகம். உத்தராகண்டின் ஔலி அழகு, நந்தாதேவி நேர் எதிரே நிற்கும். ஆனால் ரிஷிகேஷிலிருந்து மலைப்பாதையில் ஒரு முழு நாள். போதாததற்கு 2023 ஜனவரியில் கீழே உள்ள ஜோஷிமட் ஊரே நிலத்தில் அமிழ்ந்து வீடுகள் விரிசல் விட, ஔலிக்குப் போகும் ரோப்வேயை நிறுத்திவிட்டார்கள். மிஞ்சியது குல்மார்க்.

மிஞ்சியது என்று எழுதுவது பாவம். 1927லேயே ஆங்கிலேயர்கள் ஸ்கீ கிளப் வைத்த இடம். பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் 2022ல் இந்தியாவின் ஒரே வீரராகப் போன ஆரிஃப் கான் இந்த மலையில் சறுக்கி வளர்ந்தவர். ஊர் 2,650 மீட்டரில், கோப்பை மாதிரி ஒரு புல்வெளி. அதன் ஓரத்தில் கோண்டோலா. முதல் கட்டம் 1998லிருந்து கொங்டூரி வரை சுமார் 3,100 மீட்டருக்குப் போகிறது. 2005ல் வந்த இரண்டாம் கட்டம் அஃபர்வாட் மலையின் தோளில் 3,950 மீட்டர் வாக்கில் கொண்டுவிடும். வெளிநாட்டுச் சறுக்குக்காரர்கள் வருவது அந்த இரண்டாம் கட்டத்துக்காக. அங்கிருந்து பாதை போடாத, தொடாத பனியில் இறங்குவார்கள். எங்களுக்கு வேண்டியது கோப்பையின் அடியில் இருந்தது: கற்றுக்கொள்கிறவர்களுக்கான கிட்டத்தட்டத் தட்டையான சரிவுகள், ஹோட்டலிலிருந்து பத்து நிமிஷ நடை. சுற்றுலா அமைச்சகத்தின் பனிச்சறுக்கு-மலையேற்றப் பயிற்சி நிறுவனமும் அங்கேயே இருக்கிறது. நாள் கணக்கில் முறையாகக் கற்க நினைக்கிற இளவட்டங்கள் அதைப் பார்க்கலாம்.

அதைவிட முக்கியம், காஷ்மீரிகள் சோற்றுக்காரர்கள். மத்தியானமும் ராத்திரியும் சோறு என்றால் முகம் மலரும் ஜனம். மண்சட்டியில் உறைந்த தயிரும் உண்டு. அப்பாவின் ஓட்டு அதிலேயே விழுந்துவிட்டது.

எப்போது போவது என்பதில்தான் நூலிழையில் தப்பித்தோம். பள்ளி லீவு என்றால் அரையாண்டு, விட்டால் பொங்கல். காஷ்மீரில் டிசம்பர் 21லிருந்து நாற்பது நாள் சில்லாய் கலான், கடுங்குளிர்க் காலம். அதற்குப் பின் இருபது நாள் சின்னக் குளிர், பிறகு பத்து நாள் குழந்தைக் குளிர் என்று பெயர் வைத்துப் பிரித்திருக்கிறார்கள். நம் ஆட்கள் முன்பனி, பின்பனி என்று பிரித்ததுபோலத்தான். 2024 பொங்கலுக்கு டிக்கெட் போட இருந்தேன். ஆபீஸில் ஆடிட் வந்து லீவு கிடைக்கவில்லை. அந்த ஜனவரியில் செய்திகளில் வந்த குல்மார்க் படம் நினைவிருக்கிறதா? பழுப்புப் புல், மேய்கிற குதிரை, பொட்டுப் பனி இல்லை. அங்கே பனி கொண்டுவருவது மத்தியதரைக் கடல் பக்கமிருந்து கிளம்பி வரும் மேற்கத்தியக் காற்றுச் சுழற்சிகள். நம் வடகிழக்குப் பருவமழை மாதிரியே அதற்கும் மூடு உண்டு. ஒரு வருஷம் கொட்டும், ஒரு வருஷம் கைவிரிக்கும். அந்த வருஷம் ஜனவரி கடைசி வரை கைவிரித்துவிட்டு அப்புறம் கொட்டியது.

தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். மாசிக்குப் போவோம் என்று பிப்ரவரி கடைசிக்குப் போட்டேன். மகள் எட்டாம் வகுப்பு, ஆறு நாள் லீவுக்குக் கடிதம் எழுதிப் போராடி வாங்கினோம். பத்தாவது, பன்னிரண்டாவது பிள்ளைகள் வைத்திருப்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடலாம்.

கிளம்பச் சில நாள் இருக்கும்போது, பிப்ரவரி 22, குல்மார்க் மேல்சரிவில் பனிச்சரிவு, ரஷ்யச் சறுக்குக்காரர் ஒருவர் பலி என்று டிவியில் ஓடியது. அம்மா சூட்கேஸை மூடிவிட்டார். வரைபடத்தை விரித்து வைத்து, அது நடந்தது பாதைக்கு வெளியே, உயரத்தில், நாம் போகப்போவது இங்கே என்று பென்சிலால் காட்டவேண்டியிருந்தது. புதுப்பனி நிறைய விழுந்த அடுத்த ஓரிரு நாட்கள்தான் மேல்சரிவுகளில் ஆபத்து அதிகம். உலகம் முழுக்க அதை ஒன்றிலிருந்து ஐந்து வரை தரம் போட்டுச் சொல்கிறார்கள். மூன்று என்றாலே பழகியவர்கள் யோசிப்பார்கள். எங்களைப் போன்றவர்கள் கோடு போட்ட இடத்தைத் தாண்டாமல் இருந்தால் போதும்.

துணிமணி பற்றி ஒன்றுதான் சொல்வேன்: பருத்தி வேண்டாம். நனைந்தால் காயாது, குளிரை உடம்போடு ஒட்டவைக்கும். அப்பா பனியனைக் கழற்றமாட்டேன் என்று அடம்பிடித்து, தெர்மலுக்கு உள்ளே பருத்திப் பனியன் போட்டு, முதல் நாளே வியர்த்து நடுங்கினார். ஜாக்கெட், பேன்ட் எல்லாம் டெகாத்லானில் வாங்கினோம். கம்பூட்ஸும் நீளக் கோட்டும் அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும்.

ஸ்ரீநகரில் இறங்கியதும் என் வீட்டுக்காரரின் போன் செத்தது. வெளி மாநிலப் ப்ரீபெய்ட் சிம் அங்கே வேலை செய்யாது, போஸ்ட்பெய்ட்தான். ஐந்து பேரில் அப்பாவிடம் மட்டுமே போஸ்ட்பெய்ட். ஆறு நாளும் குடும்பத்தின் தகவல் தொடர்புத் துறை அவர் சட்டைப்பையில். வழி கேட்க, டிரைவரைக் கூப்பிட, எல்லாவற்றுக்கும் அவரிடம் மனுப் போட வேண்டும். அவரும் ஹிந்தி பிரச்சார சபாவில் மத்யமா வரை பாஸ் செய்தவர். ஐம்பது வருஷமாகச் சும்மா கிடந்த ஹிந்தியை எடுத்துத் தூசு தட்டி, டிரைவரிடம் "கிருபயா தீரே சலியே" (தயவுசெய்து மெதுவாகப் போங்கள்) என்றார். அந்தப் பையன் வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தான். யாரும் அவனிடம் செய்தி வாசிக்கிற ஹிந்தியில் பேசியதில்லை போலிருக்கிறது.

டங்மார்க்கில் டயருக்குச் சங்கிலி கட்டிய வண்டிக்கு மாறினோம். அங்கிருந்து 13 கிலோமீட்டர் ஏற்றம், இரு பக்கமும் தேவதாரு. ஒரு திருப்பத்தில் டிரைவர் இறங்கிச் சங்கிலியை இறுக்க, அப்பாவும் கதவைத் திறந்து இறங்கிவிட்டார்.

கையுறையைக் கழற்றி ஒரு பிடி அள்ளினார். அழுத்தினார். கிறுக்கென்று ஒரு சத்தம். மறுபடி அழுத்தினார். "ஏம்மா, ஆரோரூட் மாவு மாதிரி சத்தம் போடுதே" என்றார். வேட்டிக்குக் கஞ்சி போட அந்த மாவுப் பாக்கெட்டை விரலால் நசுக்கினால் வருமே, அச்சு அசல் அதே சத்தம். கொஞ்சம் வாயில் போட்டுக்கொண்டார். நாங்கள் எல்லோரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். நாற்பது வருஷக் காலண்டர். "ஃப்ரீசர்ல இருக்குமே, அதான்" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டார். ஏறின பிறகும் அந்தக் கையைத் துடைக்கவில்லை.

சறுக்கக் கற்றுக்கொண்ட கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், பெருமைப்பட ஒன்றுமில்லை. முதல் எதிரி பூட்ஸ். அது செருப்பு வகையில் சேராது, கணுக்காலுக்குப் போட்ட மாவுக்கட்டு. வாடகைக் கடைக்காரர் அவசரத்தில் என் அளவுக்கு ஒன்று குறைத்துத் தள்ளிவிட்டார். அரை மணியில் விரல்கள் மரத்து, திரும்ப நடந்து போய் மாற்றினேன். நின்றபடி முழங்காலை மடக்கினால் விரல் நுனி சற்றுப் பின்வாங்கவேண்டும், குதிகால் தூக்கக்கூடாது, உள்ளே ஒரே ஒரு ஜோடி சாக்ஸ். இந்த மூன்றையும் கடையிலேயே பாருங்கள், வெட்கப்படாதீர்கள். பிறகு பக்கவாட்டில் படி ஏறுவது. பிறகு இரண்டு கட்டைகளின் முன்நுனிகளைச் சேர்த்து, பின்பக்கத்தை அகட்டி, கூரை முகடு மாதிரி வைத்து வேகத்தைக் கொல்வது. இதுதான் பிரேக், இதுதான் முதல் பாடம். எனக்குக் கூரை அமையவே இல்லை. ஒரு கால் சென்னைக்கும் ஒரு கால் லடாக்குக்கும் போனது. விழுவது வலிக்கவில்லை, எழுந்திருப்பதுதான் வலி. மகள் இரண்டாம் நாள் மதியம் திரும்பக் கற்றுக்கொண்டு எங்களைக் கடந்து போனாள், திரும்பியும் பார்க்காமல்.

பயிற்சியாளர் பொறுமைசாலி. என்னிடம் இருந்த நம்பிக்கையை அவர் மூன்றாம் நாள் கைவிட்டது முகத்தில் தெரிந்தது, வாயால் சொல்லவில்லை.

சரிவுக்கு எதிரே ஒரு மரக் கொட்டகை. பிளாஸ்டிக் நாற்காலி நான்கு. டீக்கடைக்காரர் அப்பாவுக்குத் தன் ஃபெரனை, காஷ்மீரிகளின் நீள அங்கியைக் கொடுத்து, அதற்குள் காங்கிடியையும் வைத்துவிட்டார். தணல் போட்ட மண்சட்டி, சுற்றிலும் பிரம்புப் பின்னல், அங்கிக்குள்ளே வயிற்றருகே பிடித்துக்கொள்வது. அப்பா மூன்று நாளும் அந்த நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவில்லை. கிரிக்கெட் பார்க்கிற மாதிரி எங்களைப் பார்த்தார். நான் எத்தனை தடவை விழுந்தேன் என்று கணக்கு வைத்திருந்தார் (முதல் நாள் 31, வங்கிக்காரர், தப்பாது). உப்புப் போட்ட ரோஜா நிற டீயை முதல் வாயில் துப்பப் பார்த்தவர், மூன்றாம் நாள் தானாகக் கேட்டு வாங்கினார். "நம்ம நீர்மோரைச் சுட வச்ச மாதிரி" என்றார்.

கோண்டோலா டிக்கெட் முன்கூட்டியே ஆன்லைனில் எடுத்திருந்தேன், போய் எடுக்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். முதல் கட்டத்தில் எல்லோரும் போனோம். இரண்டாம் கட்டம் காற்று பலமாக இருந்ததால் ஓடவில்லை, மறுநாளும் ஓடவில்லை. அப்பாவை அங்கே கூட்டிப்போக எனக்கு முதலிலிருந்தே பயம். அந்த உயரத்தில் காற்றழுத்தம் மெரினாவில் இருப்பதில் சுமார் 60 சதவீதம்தான், பி.பி.க்காரருக்கு அது விளையாட்டில்லை. டாக்டரும் முதல் கட்டத்தோடு நிற்கச் சொல்லியிருந்தார். உச்சி பார்க்கவில்லை என்ற குறை மகளுக்கு மட்டும் இன்னும் இருக்கிறது.

இப்போது சிலர் கேட்கிறார்கள், போகலாமா என்று. 2025 ஏப்ரலில் பஹல்காமில் நடந்ததற்குப் பிறகு அந்தக் கேள்விக்கு நான் தலையாட்டிப் பதில் சொல்லமாட்டேன். போகிறவர்களையும் தடுக்கமாட்டேன், யோசிக்கிறவர்களையும் கேலி செய்யமாட்டேன். அந்த டீக்கடைக்காரர் போன் செய்து அப்பாவிடம்தான் பேசுவார். சீசன் எப்படி என்று இவர் மத்யமா ஹிந்தியில் கேட்பார். அவர் என்ன சொன்னார் என்று கேட்டால், "குளிர்ங்கறார்" என்று முடித்துக்கொள்வார்.

ஜம்மு-காஷ்மீருக்கு ரயிலிலேயே போக ஆசைப்படுகிறவர்களுக்குச் சென்னை சென்ட்ரலிலிருந்து கத்ராவுக்கு ஒரு வண்டி உண்டு. பெயர் அந்தமான் எக்ஸ்பிரஸ். அந்தமானுக்கும் அதற்கும் கடல் தூரம். கத்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு 2025 ஜூனில் வந்தே பாரத் ஓட ஆரம்பித்துவிட்டதால், செனாப் பாலத்தைப் பார்த்துக்கொண்டே போகலாம். அப்பா இதைச் சொல்லிச் சொல்லி என்னை இன்னொரு தடவைக்குத் தயார்செய்துகொண்டிருக்கிறார்.

ஷீட் மறுபடி திறந்திருக்கிறது. மகள் இப்போது பத்தாவது, பரீட்சை முடிந்ததும் எங்காவது என்கிறாள். ஏப்ரலில் கீழ்மலைகளில் பனி இருக்காது, கூடௌரியில் மாதத் தொடக்கம் வரை கொஞ்சம் மிஞ்சலாம். போன ஞாயிறு சாப்பிடும்போது பேச்சை எடுத்தேன். ஜார்ஜியா, ரெண்டாயிரத்துச் சொச்சம் மீட்டர், சறுக்காதவங்களும் லிஃப்ட்ல போகலாம், தயிருக்கும் கவலையில்லை, அங்கே மட்சோனி என்று ஒன்று, தயிர் மாதிரியே இருக்கும் என்றேன்.

அப்பா மோர்சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்த கையை நிறுத்தினார்.

"மாதிரின்னா?"